நாலாவது பொட்டு

ஏழாம் அத்தியாயம்

ஒரு மனிதனைத் தூக்கில் போட என்னென்ன வேண்டும் என்று சட்டம் படித்தவர்களைக் கேட்டால் பெரிய பட்டியலே வாசிப்பார்கள். மருதப்பன் விஷயத்தில் இரண்டு பின்சக்கரம் போதுமானதாக இருந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம். சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் ஒரு மணல் குவாரியில் செப்புக்கம்பிச் சுருள்களைத் திருடிக்கொண்டு கொட்டுகிற மழையில் ஒரு பிக்கப் வண்டி வெளியே பாய்ந்தது. குறுக்கே ஓடிவந்த ஜாகாக்காரர் மேல் ஏறி இறங்கி, சேற்றில் சிக்கித் திணறி, எப்படியோ மீண்டு போய்விட்டது. பார்த்தவர் யாருமில்லை. காவல் காத்தவரும் செத்துப்போனார். மிஞ்சியது சேற்றில் இரண்டு பள்ளம்.

இரண்டு என்பதுதான் வம்பு. சாதாரண வண்டி சேற்றில் மாட்டினால் பின்சக்கரங்களில் ஒன்றுதான் வெறிபிடித்துச் சுற்றும். மற்றது, பங்காளி அடிவாங்குவதை வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி சும்மா நிற்கும். பள்ளமும் ஒன்றுதான் விழும். இரண்டு சக்கரமும் ஒரே ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறது என்றால் அந்த வண்டியின் பின்னச்சு பூட்டு அச்சு. அச்சின் நடுவில் குடம் போல உப்பியிருக்கிற டிஃபரன்ஷியலுக்குள் ஒரு பூட்டு. அது விழுந்ததும் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். சேற்றிலிருந்து யானையைக்கூட இழுத்துவிடும்.

பட்டாளத்து ஏலத்தில் வந்த அந்த அளவுப் பூட்டு அச்சு சிங்கப்பூர்த் தீவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மருதப்பனுடைய பிக்கப்பில் இருந்தது. போலீசுக்கு இதைக் கண்டுபிடிக்கச் சிரமம் ஏதும் இருக்கவில்லை. நாலு வருஷமாக சிராங்கூன் ரோட்டில் கத்திரிக்காய் விற்பவர் முதல் முடிவெட்டுபவர் வரை எல்லாரிடமும் மருதப்பனே சொல்லியிருந்தார்: "என் வண்டிக்கு ரெண்டு சக்கரமும் ஒரே மனசு, தெரியுமில்ல?"

நுணலும் தன் வாயால் கெடும். மருதப்பன் நுணலைவிடச் சத்தமாகக் கத்தியிருந்தார்.

வருகிற திங்கட்கிழமை ஹை கோர்ட்டில் ஏழு பேர் ஜூரி முன்னால் கொலை வழக்கு. இன்று வெள்ளிக்கிழமை.

துப்பறிவாளர் செல்லக்கண்ணு அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் போலீஸ் வண்டிக் கிடங்கில், மருதப்பனின் பிக்கப்புக்கு அடியில், மல்லாக்கப் படுத்திருந்தார்.

செல்லக்கண்ணு இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். நசுங்கிய ரேடியேட்டரை முகர்ந்தே, ஓட்டியவர் காலையில் இட்லி சாப்பிட்டாரா ரொட்டி சாப்பிட்டாரா என்று சொல்லிவிடுவார். இரண்டு தடவை சரியாகவும் சொல்லியிருக்கிறார். டைரக்டருடைய மைத்துனரின் கார் தானாகத் தீப்பிடிக்கவில்லை என்று ஒருநாள் எழுதினார். அடுத்த மாதம் பஃபலோ ரோட்டில் மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் கண்ணீர் விடுவார்கள். பாதி துக்கம், பாதி மிளகாய்.

"சார், உயிரோட இருக்கீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அது பிலோமினம்மாள். அவருடைய உதவியாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாறு வருஷம் ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, இனிமேல் என் பேச்சை ஊர் கேட்கட்டும் என்று வேலையை விட்டவர். ஆள் கொஞ்சம் பெரிய உருவம். அதனால் வண்டிக்கு அடியில் போகிற வேலை எப்போதும் செல்லக்கண்ணுவுக்கு.

"ஜாக்கி ஏத்தியாச்சு இல்ல? வலது சக்கரத்தை முன்னால தள்ளும்மா."

பிலோமினம்மாள் தள்ளினார். வலது சக்கரம் முன்னால் சுற்றியது. இடது சக்கரமும் கூடவே முன்னால் சுற்றியது.

"அட, நான் போற பக்கமே அதுவும் வருது சார். எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஒருநாள் இப்படி வந்ததில்ல."

"சாதாரண அச்சுன்னா அது எதிர்ப்பக்கம் சுத்தும். இது பூட்டு அச்சேதான்."

கிடங்குக்குப் பொறுப்பான சார்ஜெண்ட் துரைசாமி நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "அதைத்தானே அண்ணே நாங்களும் சொல்றோம்," என்றார். "ஏன் கஷ்டப்படுறீங்க? மருதப்பனே வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு. வக்கீல் கேட்டாலும் 'எல்லாம் விதி'ங்கிறாரு. விதி எங்க அண்ணே வண்டி ஓட்டுது?"

செல்லக்கண்ணு டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு ஒன்று பட்டிருந்தது.

மருதப்பனுக்கு ஒரு பழக்கம். ஆயுத பூஜைக்கு எல்லாரும் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். இரண்டு மழை பெய்தால் சாமி போய்விடும். மருதப்பன் பார்த்தார்: மஞ்சள் எனாமல் பெயிண்டில் ஒரு வட்டம், அதன் நடுவில் சிவப்பு எனாமலில் ஒரு புள்ளி. வருஷம் முழுக்கப் பொட்டு அழியாது. அடுத்த பூஜைக்குப் பழைய பொட்டுக்குப் பக்கத்திலேயே புதுப் பொட்டு. முன்னால் மட்டுமல்ல. எஞ்சினுக்கு, கியர் பாக்ஸுக்கு, ஸ்டியரிங்குக்கு, அடியில் புகுந்து டிஃபரன்ஷியல் குடத்துக்குக்கூட வைப்பார். வாங்கியதிலிருந்து நாலு பூஜை. பாகத்துக்கு நாலு பொட்டு.

"பிலோமினா, எஞ்சின்ல எத்தனை பொட்டு?"

"நாலு."

"கியர் பாக்ஸ்ல நாலு. நான் பார்த்துட்டேன். ஸ்டியரிங்?"

"நாலு சார். வரிசையா நிக்குது, சர்ச்சுல முதல் நன்மை வாங்கப்போற புள்ளைங்க மாதிரி."

"இங்க குடத்துல மூணுதான் இருக்கு."

கோப்பிக் குவளை பாதி வழியில் நின்றது. பிறகு சார்ஜெண்ட் சிரித்தார். "மறந்திருப்பாரு."

செல்லக்கண்ணு வெளியே ஊர்ந்து வந்து, சட்டைப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சினார். அவருக்கு யோசனை வருகிற வழி அது. "துரைசாமி, ஹார்னுக்குக்கூட நாலு பொட்டு வைக்கிறவன் குடத்தை மறப்பானா? பூஜை அன்னிக்கு இந்த அச்சு இந்த வண்டியில இல்ல. வேற சாதாரண அச்சு இருந்திருக்கு. மருதப்பன் பழக்கத்துல அதுக்கு ஒரு பொட்டு வெச்சிருக்கான். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி மாத்திட்டாங்க. அந்த நாலாவது பொட்டு இப்ப யாரோ ஒருத்தன் வண்டிக்கு அடியில சுத்திக்கிட்டிருக்கு."

"இல்லாத பொட்டை ஜூரிக்கு எப்படி அண்ணே காட்டுவீங்க?" என்றார் சார்ஜெண்ட். கேள்வியில் கிண்டல் இல்லை. அதுதான் மோசம்.

*

மருதப்பனுக்கு வேலை ஐஸ் ஏற்றுவது. ஜாலான் புசார் ஐஸ் கிட்டங்கியிலிருந்து கிராஞ்சி மீன் துறைக்கு தினம் ஒரு நடை. போகும்போது ஐஸ், போய்ச் சேரும்போது பாதி ஐஸ்.

கிட்டங்கி வாசலில் நூருல் அமீன் என்ற குமாஸ்தா இருந்தார். வண்டி வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் மைல் மீட்டரைப் பார்த்துத் தடித்த புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க சார், நாற்பது, நாற்பது, நாற்பது. மருதப்பன் ஒருநாளும் ஒரு மைல் கூட்டிக் குறைச்சு ஓட்ட மாட்டார். பூஜை அன்னிக்கு லீவு. மறுநாள் இந்த வியாழக்கிழமை மட்டும் முப்பத்திரண்டு. நாளைக்கு போலீஸ் மாத்தாக்காரங்க வந்து இந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போறாங்க."

பிலோமினம்மாள் முகம் சுருங்கியது. "அப்போ அன்னிக்கு அவர் கிராஞ்சிக்குப் போகவே இல்லன்னுதானே சொல்வாங்க? எட்டு மைல் எங்கேன்னு கேட்பாங்க."

"கேட்டுட்டாங்க," என்றார் நூருல் அமீன் மெதுவாக. "நான் பொய் எழுத முடியாதுல்ல."

செல்லக்கண்ணு டப்பாவைத் தட்டினார். "அமீன் பாய், இங்கிருந்து கிராஞ்சி போய்த் திரும்ப நிஜமா எத்தனை மைல்?"

"மீட்டர்தான் நாற்பதுன்னு சொல்லுதே."

"மீட்டரை விடுங்க. ரோட்டுல நட்டிருக்கிற மைல் கல்லு என்ன சொல்லுது?"

குமாஸ்தா யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். அவர் முகம் மாறியது. "போக பதினாறு. வர பதினாறு. யா அல்லாஹ்."

"முப்பத்திரண்டு! வருஷம் பூரா பொய் சொன்ன மீட்டர் ஒரே ஒரு நாள் உண்மை சொல்லியிருக்கு பாய். அந்த ஒரு நாளுக்காக ஒருத்தனைத் தூக்குல போடப் பார்க்கிறாங்க."

"எனக்கு விளங்கல சார்," என்றார் பிலோமினம்மாள். "மாதா சத்தியமா விளங்கல."

"மீட்டர் ரோட்டைப் பார்க்கிறதில்லம்மா. எஞ்சின் பக்கத்துலயிருந்து பின்னால போற தண்டு எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் எண்ணும். சாதாரண அச்சுல தண்டு நாலு சுத்துச் சொச்சம் சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. பட்டாளத்துப் பூட்டு அச்சுல பல் கணக்கு வேற. அஞ்சு சுத்துச் சொச்சம் வேணும். இழுவை ஜாஸ்தி, வேகம் கம்மி. ஆனா மீட்டருக்கு அது தெரியாது. நாலு மைல் ஓடினா அஞ்சுன்னு காட்டும். அந்த வியாழக்கிழமை இந்த வண்டியில இருந்தது சாதாரண அச்சு. மருதப்பன் கிராஞ்சிக்குப் போய் ஐஸை இறக்கிட்டு ஒழுங்கா வந்திருக்கான்."

"அப்போ தப்பிச்சிட்டார்!"

"அந்த அச்சு கிடைச்சா. கிடைக்கலைன்னா இதே முப்பத்திரண்டுதான் அவன் கழுத்துக் கயிறு."

*

அன்று சாயங்காலம் மருதப்பனின் மனைவி மங்களம் துப்பறியும் நிலையத்து மாடிப்படி ஏறி வந்தாள். தேக்கா சந்தைக்குப் போகிற வழி என்று கையில் காலிக் கூடை. செல்லக்கண்ணுவை ஏற்பாடு செய்தவள் அவள்தான். முதல் நாளே அவர் கேட்டிருந்தார்: "உண்மை வேணுமா, புருஷன் வேணுமா?" அவள் அழுதுகொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று சொல்லியிருந்தாள்.

செல்லக்கண்ணுவுக்கு அன்றைக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. மூன்று பொட்டு, எட்டு மைல் எல்லாவற்றையும் சொன்னார். கையை ஆட்டிச் சொன்னார். எழுந்து நின்றும் சொன்னார்.

"அந்த நாலாவது பொட்டு எங்கே இருக்கோ அங்கே உன் புருஷன் உயிர் இருக்கும்மா. அந்த ஏலத்துல அதே மாதிரி பிக்கப் நாலே நாலுதான் வந்துச்சு. உன் புருஷனோடது போக மூணு. மூணுக்கும் அடியில படுத்துப் பார்த்துட வேண்டியதுதான்."

மங்களம் மெதுவாகக் கேட்டாள். "மழையில அழிஞ்சிருக்காதா சார்?"

"மழையா? எனாமல் பெயிண்ட்டும்மா! கடல்ல போட்டாலும் போகாது. மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவெச்சு, தேங்காய்த் துருவியால சுரண்டினாத்தான் உண்டு."

பிலோமினம்மாள் சிரித்தார். "ஆமா, பின்னச்சுச் சட்னி."

மங்களம் சிரிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் சந்தைப் பக்கம் திரும்பாமல் வந்த வழியே போய்க்கொண்டிருந்தாள். பாவம், நல்ல செய்தி கேட்டதும் திசை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் செல்லக்கண்ணு. அவருடைய துப்பறியும் வாழ்க்கையில் இதைவிட மட்டமாக ஒன்றை அவர் நினைத்தது கிடையாது.

*

சனிக்கிழமை இரண்டு வண்டி கழிந்தது. ஒன்று காலாங் ஆற்று முகத்துவாரத்தில் மூன்று வருஷமாக மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வற்றுகிறவரை காத்திருந்து பார்த்தார்கள். டிரைவர் சீட்டில் இருந்த நண்டு இவர்களை மதிக்கவே இல்லை. இரண்டாவது வண்டியைச் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்கள். அதன் பின்னச்சில் ஒரு கிழவர் துணி காயப்போட்டிருந்தார். இரண்டு வருஷமாக அதே கொடிதானாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் பூசை முடிந்து பிலோமினம்மாள் வந்ததும், இருவரும் பொத்தோங் பாசிருக்கு பஸ் ஏறினார்கள். மூன்றாவது வண்டி அங்கே, கீரைத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. சொந்தக்காரன் பெயர் அழகப்பன். ஆள் இல்லை. கொட்டகை திறந்தே கிடந்தது.

பிலோமினம்மாள் வண்டி நெற்றியைப் பார்த்தார். மற்ற வண்டிகளில் 'முருகன் துணை' என்று இருக்கிற இடத்தில் இதில் 'அறிவே துணை' என்று எழுதியிருந்தது. வண்டி முழுக்கக் கறுப்பு. கதவு, சக்கரம், கம்பி எல்லாம் கறுப்பு. சுவரில் காய்ந்த சட்டையும் கறுப்பு.

"சீர்திருத்தக்காரர் சார். கல்யாணத்துக்கு ஐயரே வேண்டாம்கிற கட்சி. இவர் வண்டிக்கு அடியில பொட்டு இருந்தா நான் இந்த வாரமே மொட்டை போட்டுக்கிறேன்."

"அதனாலதாம்மா இங்க பொட்டு இருந்தா அது மருதப்பன் வெச்சதா மட்டும்தான் இருக்கும்," என்றார் செல்லக்கண்ணு. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உள்ளே ஊர்ந்தார். அச்சும் கறுப்புதான். டார்ச்சைக் குடத்தின் மேல் அடித்தார்.

பிலோமினம்மாள் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"சார்? மொட்டையா, இல்லையா?"

"முடி பிழைச்சுதும்மா."

குடத்தின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு பெயிண்டே இல்லை. வெறும் இரும்பு, கல்யாண வீட்டுப் பாத்திரம் போலப் பளபளத்தது. மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. இரும்பில் கீறல்கள் இருந்தன. உளிக் கீறல் இல்லை, உப்புத்தாள் தேய்ப்பும் இல்லை. வில் போல வளைந்து, சீப்புப் பல் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கோடுகள்.

செல்லக்கண்ணு அந்தக் கோடுகளை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசித்தார். பொடி போடாமலேயே ஞாபகம் வந்தது. தினம் காலையில் தேங்காய் மூடிக்குள் பார்த்திருக்கிறார்.

தேங்காய்த் துருவி என்று அவர் உலகத்தில் இரண்டு பெண்களிடம்தான் சொல்லியிருந்தார். ஒருத்தி வெளியே நின்று தன் முடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

*

ரோவல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் மங்களத்தின் ஒற்றை அறை. கதவு திறந்துதான் இருந்தது. அடுப்படியில் துருவிப் பலகை சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. கழுவித்தான் வைத்திருந்தாள். ஆனால் பல்லிடுக்கில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

செல்லக்கண்ணு அதைப் பார்த்தார். மங்களம் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"உட்காருங்க சார்," என்றாள். "கோப்பி போடவா?"

"ஏம்மா?"

அவள் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகினாள். "அழகப்பன் என் தம்பி சார். அவனுக்கு ரெண்டு வயசுல எங்கம்மா போயிட்டாங்க. இடுப்புல வெச்சுத்தான் கப்பல் ஏறினேன். பூஜைக்கு முந்தின நாள் வந்து, 'மாமா, சேத்துல ஒரு லோடு இருக்கு, உங்க அச்சை ரெண்டு நாள் கொடுங்க'ன்னு கேட்டான். அவரும் கொடுத்தாரு. இவங்களுக்குள்ள அப்படித்தான் சார், ஏணி, ஜாக்கி, அச்சு எல்லாம் மாறி மாறிப் போகும். என்ன லோடுன்னு அவர் கேட்கலை. மழையில ஆள் வந்ததே தெரியலையாம் சார் அவனுக்கு. மணல் மேடுன்னு நினைச்சானாம்."

"உன் புருஷனுக்கு எல்லாம் தெரியும்."

"நேத்து ஜெயில்ல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன். 'எனக்கு அம்பத்திரண்டு, அவனுக்கு இருபத்தாறு, நீயே பார்த்துக்கோ'ன்னாரு. பார்த்துக்கோன்னா என்ன சார் அர்த்தம்?" அவள் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பொட்டு இல்லேன்னா தம்பி மேல ஆதாரம் இல்லை. நீங்கதான் புத்திசாலியாச்சே, அவரை வேற எதையாவது சொல்லி மீட்டுடுவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் பிழைச்சுக்குவாங்கன்னு."

செல்லக்கண்ணுவுக்கு இருபது வருஷத்தில் நூற்றுக்கணக்கான பொய்கள் தெரியும். இப்படிப்பட்ட நம்பிக்கையை எதைக்கொண்டு இடிப்பது என்று தெரியவில்லை. "மீட்கிறதுக்கு என்கிட்ட இருந்தது அந்தப் பொட்டு ஒண்ணுதாம்மா," என்றார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

நனைந்த கறுப்புச் சட்டையோடு ஓர் இளைஞன் நின்றான். அழகப்பன். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவின் மூக்கு அப்படியே அவன் முகத்தில் இருந்தது.

"போய்ச் சொல்லிட்டேன் அக்கா," என்றான்.

மங்களம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். நான்தான் கொன்னேன், மாமா இல்லன்னு சொன்னேன். சார்ஜெண்ட் துரைசாமி கோப்பி வாங்கிக் கொடுத்தாரு. தூக்குக் கேஸ்னா சொந்தக்காரங்க இப்படித்தான் ஒவ்வொருத்தரா வந்து நான்தான் நான்தான்னு நிப்பீங்க, அத்தாட்சி இருந்தாக் காட்டுன்னாரு. வண்டிக்கு அடியில மாமா வெச்ச பொட்டு இருக்கு, வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போனேன்." அவன் சிரிப்பது போல உதட்டைக் கோணினான். "அவரே மழைச் சேத்துல படுத்துப் பார்த்தாரு. பளபளன்னு இருக்குப்பா, இரும்புதான் தெரியுதுன்னாரு. செல்லக்கண்ணு அண்ணன் சொன்ன கதையைக் கேட்டுட்டு வந்தியா, உங்க மாமா மேல இவ்வளவு பாசமான்னு முதுகுல தட்டி அனுப்பிட்டாரு."

"செப்புக் கம்பி?" என்று கேட்டார் செல்லக்கண்ணு.

"அன்னிக்கே பயத்துல ஆத்துல தள்ளிட்டேன் சார். எந்த இடம்னுகூடச் சொல்லத் தெரியலை."

அவன் பார்வை அடுப்படிக்குப் போனது. துருவியிடம் நின்றது. வெகு நேரம் நின்றது.

"சாமி இல்லைன்னு ஊரெல்லாம் பேசினவன் சார் நான்," என்றான். அக்காவைப் பார்க்காமலேயே சொன்னான். "ரெண்டு மாசமா ராத்திரியில எழுந்து போய் அந்தப் பொட்டு இருக்கான்னு பார்த்துட்டு வந்து படுப்பேன். என்னிக்காவது தைரியம் வந்தா அதைக் காட்டலாம்னு. நேத்து ராத்திரி மட்டும் போய்ப் பார்க்கலை. தைரியம் இன்னிக்குத்தான் வந்துச்சு. ஒரு நாள் லேட்டு."

எப்போதும் ஏதாவது சொல்லிவிடுகிற பிலோமினம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு, ஏதோ தோன்றியவர் போல, மங்களத்திடம் சாதாரணமாகக் கேட்டார்.

"சுரண்டின பொடியை என்னம்மா செஞ்சே?"

மங்களம் விழித்தாள். "எதை?"

"பொட்டைத்தான். குப்பையில போட்டியா?"

"சாமிப் பொட்டை யாராவது குப்பையில போடுவாங்களா?" என்றாள் மங்களம், அந்த நிலையிலும் கொஞ்சம் கோபத்தோடு.

முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்தாள். சனிக்கிழமைத் தாள். அதைப் பிரித்தபோது செல்லக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டார். பெரும்பாலும் பொடி. நடுவில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு செதில் உடையாமல் கிடந்தது. மேலே சிவப்பு. அதன் அடியில் மஞ்சள். நக நுனியால் திருப்பினார். மஞ்சளுக்கு அடியில் கறுப்பு.

"மருதப்பனோட அச்சு பட்டாளத்துப் பச்சை," என்றார் தனக்குத்தானே. "கறுப்பு அச்சு இந்த ஊர்ல இவன் ஒருத்தன்கிட்டதான். கறுப்பு மேல மருதப்பன் பொட்டு."

"இது போதுமா சார்?" என்று அழகப்பன் கேட்டான்.

செல்லக்கண்ணு பொய் சொல்ல நினைத்தார், வரவில்லை. "வீட்டுல உட்கார்ந்து பெயிண்ட் பூசிச் சுரண்டினதுன்னு சர்க்கார் வக்கீல் சொல்வாரு. ஏழு பேர் கை மாறும். அதுல ஒருத்தர் தும்மினாப் போச்சு. நூத்துல அஞ்சு பங்கு இருக்கும். அதுவும் நான் ஆசையில சொல்றது."

"எடுத்துட்டுப் போங்க," என்றான் அழகப்பன்.

பெட்டி ஏதும் இல்லை. செல்லக்கண்ணு முப்பது வருஷமாகச் சட்டைப் பையில் இருக்கிற தகர டப்பாவை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அதில் இருந்த மூக்குப்பொடி அத்தனையையும் மழையில் கொட்டினார். டப்பாவைத் துண்டால் துடைத்து, காலண்டர் தாளை அப்படியே உள்ளே மடித்து வைத்து மூடினார்.

அவர் வாசல் தாண்டும்போது மங்களம் கூப்பிட்டாள்.

"சார், அதைப் பத்திரமா..."

அவர் திரும்பிக் காத்திருந்தார். மங்களம் தம்பியைப் பார்த்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய புருஷனுடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாள். பத்திரமாக வைக்கவா, பத்திரமாகத் தொலைக்கவா என்று சொல்லவில்லை. துருவியை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் இருவரும் மழைக்கு ஒதுங்கி நடந்தார்கள். திங்கட்கிழமைக் கோர்ட்டுக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. ஒரு மனிதன் ஜெயிலுக்குள் சாகத் தயாராக இருந்தான். இன்னொருவன் வெளியே சாகத் தயாராக இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நகத்தளவு பெயிண்ட். இதை வைத்துக்கொண்டு வக்கீலிடம் என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று செல்லக்கண்ணு யோசித்துக்கொண்டே நடந்தார். யோசனை வரவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டப்பாவை எடுத்தது. கட்டைவிரல் மூடியை நெம்பியது.

பிலோமினம்மாள் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"சார்," என்றார். "அது பொடி இல்ல."